புதுப்பிப்பு: மேற்கைத் தோல் சத்திரசிகிச்சை முடிந்தது

உடல் மெலிந்த பிறகு மேற்கையில் தொங்கும் தோலை வெட்டி இறுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கொழும்பில் செய்துகொண்டு கல்லடிக்குத் திரும்பிவிட்டேன்.

தழும்பைப் பற்றித்தான் பலரும் கேட்டீர்கள். அக்குளிலிருந்து முழங்கை வரை, கையின் உட்புறமாக ஓடுகிறது. இப்போது சிவந்து, தொட்டால் கயிறுபோலத் தடித்திருக்கிறது. நிறம் மங்க ஒரு வருடமாவது ஆகும், முழுதாக மறையாது. அது தெரிந்துதான் சம்மதிக்க வேண்டும். முழங்கைப் பக்கம் இன்னும் மரத்திருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு கையில் போடத் தந்த, இறுக்கிப் பிடிக்கும் கைச்சட்டை மட்டக்களப்பு வெயிலில் புழுங்குகிறது, ஆனாலும் வீக்கம் வடிய அது வேணும். பாரம் தூக்கக் கூடாது. தேங்காய் துருவுவதுகூட மச்சாள்தான்.

சீனி வருத்தம் உள்ள அக்காமாரே, முதலில் அதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் காயம் ஆறச் சுணங்கும், கிருமித் தொற்றும் வரலாம்.