செப்டம்பர் 12 மட்டும் வேண்டாம்

ஆஸ்டின் அக்கா: குட்டியின் முதல் பிறந்தநாளை செப்டம்பர் 12, சனிக்கிழமை வைக்கலாம் என்று இருக்கிறோம். எல்லாரும் வந்துவிடுங்கள் 🎂

ஹூஸ்டன் மாமா: அம்மாடி, அன்றைக்கு ஆஸ்டினில் எங்கள் டெக்சாஸ் காலேஜுக்கும் ஒஹாயோ ஸ்டேட் காலேஜுக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் கேம். ஸ்டேடியத்தில் மட்டும் லட்சம் பேர். ஹோட்டலும் கிடைக்காது, நானும் கிடைக்க மாட்டேன்.

ஆஸ்டின் அக்கா: ஒரு கேமுக்காகவா மாமா? சீசனுக்கு 12 இருக்கிறதே.

ஹூஸ்டன் மாமா: அதில் 9 இந்த வருடம் முதல் எஸ்இசி கான்ஃபரன்ஸே, அதாவது எங்கள் காலேஜ் இருக்கும் லீக்கே, போட்டுக் கொடுப்பது. முன்பு 8. மிச்சம் மூன்றுதான் நாமாகப் பேசி வைப்பது. டெக்சாஸ் ஸ்டேட், யுடிஎஸ்ஏ இரண்டும் பக்கத்து ஊர்ச் சின்ன டீம். ஒஹாயோ ஒன்றுதான் பெரிய இடம். போன வருடம் நாங்கள் அங்கே போனோம், இப்போது அவர்கள் வர வேண்டிய முறை.

தம்பி (டெக்சாஸ் ஏ அண்ட் எம் காலேஜ்): போய் 14–7 வாங்கி வந்ததையும் சொல்லுங்கள் மாமா 😄

ஹூஸ்டன் மாமா: வாங்க மருமகனே. அந்தத் தோல்விதான் எங்களைக் கவிழ்த்தது. 9 வெற்றி, 3 தோல்வி; சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் போச்சு. அதற்குப் பதில் ஏதாவது சின்னக் காலேஜைக் கூப்பிட்டு அடித்திருந்தால் 10–2. இனி எவன் பெரிய டீமோடு ஒப்பந்தம் போடுவான்?

தம்பி (ஏ அண்ட் எம்): 4–8 ஃப்ளோரிடாவிடம் தோற்றதற்கும் ஒஹாயோதான் காரணமா? மயாமி காலேஜைப் பாருங்கள். முதல் வாரமே இன்னொரு பெரிய டீம் நோட்ர டேமை 27–24 ஜெயித்தார்கள். கடைசியில் இரண்டு பேரும் 10–2, பிளேஆஃபுக்குள் போனது மயாமி. நாங்களும் நோட்ர டேம் ஊருக்கே போய் 41–40 அடித்தோம்.

ஹூஸ்டன் மாமா: அதே மயாமி பிளேஆஃபில் உங்கள் கைல் ஃபீல்டு மைதானத்துக்கே வந்து 10–3 அடித்ததா இல்லையா?

தம்பி (ஏ அண்ட் எம்): 🙈

திருச்சி பெரியப்பா: மாப்பிள்ளை, உங்கள் இரண்டு காலேஜும் ரொம்ப வருடம் ஆடாமலே இருந்ததாமே. இந்தியா பாகிஸ்தான் மாதிரியா?

ஹூஸ்டன் மாமா: அங்கே அரசியல் அத்தான், இங்கே டிவி பணம். 1894-ல் தொடங்கிய போட்டி. 2011-ல் டெக்சாஸ் இஎஸ்பிஎன் என்ற ஸ்போர்ட்ஸ் டிவியோடு சேர்ந்து தனிச் சேனல் வைத்தது, 20 வருடத்துக்கு 300 மில்லியன் டாலர். ஏ அண்ட் எம் முறுக்கிக்கொண்டு நாம் இருந்த கான்ஃபரன்ஸை விட்டு எஸ்இசிக்குப் போனார்கள். அதே வருடம் கடைசி ஆட்டம், நானும் போயிருந்தேன். கடைசி உதை, 40 கெஜம், எங்கள் ஜஸ்டின் டக்கர். பந்து கம்பத்துக்கு நடுவே போனதும் அவர்கள் மைதானமே கப்சிப். 27–25.

தம்பி (ஏ அண்ட் எம்): அப்புறமும் ஆடத் தயார் என்றோம். அட்டவணையில் இடமில்லை என்றது உங்கள் ஆட்கள்.

ஹூஸ்டன் மாமா: விட்டுப்போனது நீங்கள், இடம் மட்டும் நாங்கள் ஒதுக்க வேண்டுமா?

ஆஸ்டின் அக்கா: பிறகு யார் சமாதானம் செய்தது?

ஹூஸ்டன் மாமா: யாருமில்லை. 2024-ல் டெக்சாஸும் எஸ்இசிக்கு வந்தது, கான்ஃபரன்ஸே எங்கள் ஆட்டத்தைப் போட்டுவிட்டது. கூடவே ஓக்லஹோமாவும் வந்ததால் ஓக்லஹோமா ஸ்டேட்டோடு அவர்கள் வருடா வருடம் ஆடியது 2023-ஓடு நின்றது. கிளெம்சனும் சவுத் கரோலைனாவும் வேறு வேறு கான்ஃபரன்ஸ், ஆனாலும் நவம்பர் கடைசியில் விடாமல் ஆடுகிறார்கள். மனமிருந்தால் தேதி கிடைக்கும்.

ஆஸ்டின் அக்கா: அப்படியா? சரி, எனக்கு ஒரு தேதி கொடுங்கள். 19?

ஹூஸ்டன் மாமா: 19 யுடிஎஸ்ஏதான். போனில் ஸ்கோர் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி (ஏ அண்ட் எம்): சின்ன டீம் என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

ஹூஸ்டன் மாமா: 2022-ல் ஆப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு 15 லட்சம் டாலர் கொடுத்துக் கூப்பிட்டு 17–14 தோற்றவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் 😂

அம்மா: எனக்கு டிக்கெட் போட வேண்டும். 13 ஞாயிறு வையுங்கள். ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு, அதற்கு முன்னால் கேக் வெட்டிவிடு.

ஆஸ்டின் அக்கா: சரிம்மா, 13 காலை 11 மணி. மாமா, சனிக்கிழமை ராத்திரி நம் வீட்டிலேயே தங்கிவிடுங்கள். ஆனால் போட்டோவில் அந்த டெக்சாஸ் ஆரஞ்சுச் சட்டை வேண்டாம்.

தம்பி (ஏ அண்ட் எம்): எங்கள் காலேஜ் மெரூன் பரவாயில்லையா அக்கா?