புதுப்பிப்பு: அந்த மைல்ஸ் டேவிஸ் ரெக்கார்டு, டர்ன்டேபிள் மேல தப்பில்லை

போன வாரம் கேட்டிருந்தேன்ல, சிம்மக்கல் பழைய கடையில வாங்குன 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (மைல்ஸ் டேவிஸோட ஜாஸ் ஆல்பம்) முதல் பக்கம் மட்டும் சுருதி லேசா ஏறி கேக்குது, டர்ன்டேபிள் (ரெக்கார்டை சுத்துற மெஷின்) மோட்டார் போச்சான்னு. நம்ம ரேடியோ மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்து பழைய சோக் டியூப்லைட் வெளிச்சத்துல 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டை (வேகம் சரியா இருந்தா கோடு நகராம நிக்குற மாதிரி தெரியும்) வச்சுப் பாத்தாரு, கோடு அப்படியே நிக்குது, வேகம் நிமிஷத்துக்கு சரியா 33⅓ சுத்து.

விஷயம் என்னன்னா 1959 மார்ச் 2 ஆம் தேதி ரெக்கார்டிங்ல டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடிருச்சாம், அந்த டேப்பை சரியான வேகத்துல ஓட்டி ரெக்கார்டு போட்டதால முதல் பக்கத்துல இருக்குற மூணு பாட்டும் வேகமா வருது, 1992லதான் திருத்துனாங்க. ரெண்டாவது பக்கம் சுத்தம். எனக்கு இந்த ஏறுன சுருதியே பிடிச்சுப்போச்சு, மாத்தப்போறதில்ல. அண்ணனுக்கு ரொம்ப நன்றி, காசே வாங்கல, ஜிகர்தண்டா மட்டும் குடிச்சுட்டுப் போனாரு.