"டேபிள்" பண்ணுவது என்றால் பேசுவதா, தள்ளிப்போடுவதா?

வெள்ளவத்தைக்காரி:
கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. ஏ.எல். வரை இங்கிலீஷ் மீடியம்தான். கடினமான சொல் வந்தால் அகராதி இருக்கிறது, தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. எங்கள் வாடிக்கையாளருக்கு லண்டனிலும் டெக்சாஸிலும் கிளைகள். போன கிழமை சூம் கூட்டத்தில் பட்ஜெட் பேச்சு வந்ததும் டெக்சாஸ்காரர், "லெட்ஸ் டேபிள் இட்" என்றார். லண்டன் மேடம் உடனே கோப்பைத் திறந்து விளக்கத் தொடங்கிவிட்டார்! டெக்சாஸ்காரர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். இதில் யார் சரி? இன்னும் "ரெயின் செக்", "பால்பார்க்" என்று என்னென்னவோ வருகிறது. பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணத்தான் வேண்டுமா?

பழைய ஹன்சாட்:
இரண்டு பேரும் சரி, தங்கச்சி. பிரித்தானியாவில் அது விவாதத்துக்கு முன்வைப்பது. எங்கள் பாராளுமன்றத்தில் "சபாபீடத்தில் வைக்கப்பட்டது" என்பதும் அந்த வழிதான். அமெரிக்காவில் இப்போதைக்கு ஒத்திவைப்பது. இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் மல்லுக்கட்டியதை சர்ச்சிலே எழுதியிருக்கிறார். இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றேதான், அதுதான் வேடிக்கை. கூடவே "ஃபோர் நவ்" வந்தால் பெரும்பாலும் ஒத்திவைப்பு.

கெத்தாராம கேலரி:
பட்டியல் வேண்டாம். எந்த விளையாட்டிலிருந்து வந்தது என்று பாருங்கள். நீங்கள் கேட்ட மற்ற இரண்டும் பேஸ்பால். மழையால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டுதான் ரெயின் செக். அழைப்புக்கு அப்படிப் பதில் வந்தால், "இன்றைக்கு முடியாது, பிறகு பார்ப்போம்." 2002 சாம்பியன்ஸ் கிண்ண இறுதி ஆட்டம் இங்கே கொழும்பில் இரண்டு நாளும் மழையில் போனதே, எங்களுக்கா விளங்காது! பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம். "பால்பார்க் ஃபிகர்" கேட்டால் உத்தேசத் தொகை போதும், சதக்கணக்குப் பார்க்காதீர்கள். பதிலுக்கு டெக்சாஸ்காரரிடம் எங்கள் கிரிக்கெட்டிலிருந்து "ஸ்டிக்கி விக்கெட்" (இக்கட்டான நிலை) என்று சொல்லிப் பாருங்கள், அவர் விழிப்பார். மழையில் நனைந்து வெயிலில் காயும் பிட்சில் பந்து என்ன செய்யும் என்று அவருக்கு எங்கே தெரியும்?

வெள்ளவத்தைக்காரி:
நன்றி. இனி யாராவது "டேபிள்" என்றால் "இப்பவா, பிறகா?" என்று கேட்டுவிடப்போகிறேன். வெட்கப்பட்டால் பட்ஜெட் நகராது. "மூட் பாயிண்ட்"டும் இதே கதையா?

பழைய ஹன்சாட்:
அதே சண்டைதான். பிரித்தானியருக்கு வழக்கமாக அது இன்னும் வாதிட இடமுள்ள விஷயம், அமெரிக்கருக்குப் பேசிப் பயனில்லாதது.