குட்டி விமானத்தில் சைக்கிள் ஏறுமா? பார்த்ததும் பட்டதும்

திருநகர்க்காரன் எழுதியது:

போன மாசியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அரிசி மாவால் ஒரு விமானத்தின் வயிற்றை வரைந்தேன். நீளம் ஏறத்தாழ 3.6 மீட்டர், அகலம் 1.1 மீட்டர். அதற்குள் என் மலைச் சைக்கிள், கூடாரப் பை, காற்றடைக்கும் துடுப்புப் பலகை எல்லாவற்றையும் கிடத்திவிட்டு, மிச்சமிருந்த மூலையில் நானே சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்தேன். துணி காயப்போட வந்த அம்மா, "வாசல்ல ஒருநாள் கோலம் போட்டதில்ல, மாடியில என்னடா?" என்றார். விவரம் சொன்னதும், "இதுக்கு ஒரு குட்டியானை வாங்கலாமேடா" என்று போய்விட்டார்.

கதை இதுதான். டெக்சாஸில் பதினோரு வருடம் இருந்தேன். அங்கேதான் தனியார் விமானி உரிமம் எடுத்தேன். இப்போது மதுரைக்கே வந்துவிட்டாலும் வருடத்துக்கு இரண்டு முறை போய்வருகிறேன். அங்கே இருக்கும் மாமா மகனும், அவனுடைய நண்பர் ஒருவரும், நானும் சேர்ந்து பழைய விமானம் ஒன்று வாங்குவதாகப் பேச்சு. எனக்குச் சைக்கிள், மாமா மகனுக்குத் தண்ணீரில் போகும் துடுப்புப் பலகை, நண்பருக்கு முதுகில் மாட்டிப் பறக்கும் பாராமோட்டார். மூன்றுமே இடத்தை அடைக்கிற சாமான்.

கார் வாங்கும் பழக்கத்தில் முதலில் எத்தனை சீட் என்றுதான் கேட்டேன். அப்புறம் எத்தனை கிலோ தூக்கும் என்று கேட்டேன். கேட்க வேண்டியது வாசல் எவ்வளவு அகலம் என்பதுதான். சோழவந்தானில் எங்கள் தாத்தா வண்டி மாடு வைத்திருந்தார். நெல் மூட்டை ஏற்றுவது வேறு, வைக்கோல் ஏற்றுவது வேறு என்பார். விமான விளம்பரத்தில் போடுகிற கணக்கெல்லாம் நெல் மூட்டைக் கணக்கு. நம்முடைய சாமான் வைக்கோல். எடை கொஞ்சம், உருவம் பெரிசு.

விமானம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பழகிய நாலு சீட்டுக் குட்டி விமானம் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 172எஸ் மாடலின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 1,157 கிலோ. காலி எடையைக் கழித்தால் ஆள், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்த்து 400 கிலோ அளவுக்குத் தேறும். முழு டேங்க் ஏறத்தாழ 200 லிட்டர், அதுவே 144 கிலோ. எண்பது கிலோ ஆட்கள் இரண்டு பேர் ஏறினாலும் காகிதத்தில் தொண்ணூறு கிலோவுக்கு மேல் மிச்சம் இருக்கும். ஆனால் பின்னால் சாமான் பகுதிக்கு வரம்பு 54 கிலோ. அதற்கான கதவோ 39 செ.மீ. அகலம், 56 செ.மீ. உயரம். என் சைக்கிள் சக்கரம் டயரோடு 74 செ.மீ. மூலைக்கு மூலை சாய்த்தாலும் அந்தக் கதவு 68-தான் தரும். சக்கரத்தை முன் கதவு வழியாகச் சீட்டுக்கு மேல் தூக்கி, சாய்த்து, திட்டிக்கொண்டே நுழைக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குத்தான் ஒரு பயம் பிடித்தது. வாடகைக்கு எடுத்த 172. பின்னால் சைக்கிள் அடைத்தாயிற்று, கூடாரப் பைக்கு இடமில்லை. காலியாக இருந்த வலது முன் சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டேன். ஓடுதளத்துக்குப் போகும் முன், காருக்கு ஸ்டியரிங் மாதிரி விமானத்தை ஓட்டும் பிடியை நாலு பக்கமும் ஆட்டிப் பார்ப்பது வழக்கம். முன்னால் தள்ளினேன், போனது. பின்னால் இழுத்தேன், முக்கால் தூரம் வந்து மெத்தென்று நின்றது. இரண்டு பக்கப் பிடியும் உள்ளே ஒன்றோடு ஒன்று இணைந்தவை. அந்தப் பக்கப் பிடி கூடாரப் பையில் முட்டிக்கொண்டு நின்றது. தரையில் நின்றபோது அது வெறும் மெத்தென்ற தடங்கல். இறங்கும்போது மூக்கைத் தூக்க வேண்டிய கடைசி நொடியில் அது என்னவாகியிருக்கும் என்று நினைத்ததும் கை வியர்த்துவிட்டது. எஞ்சினை அணைத்து, பையை இறக்கி, ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போனேன். அன்றிரவு கூடாரம் இல்லாமல் விமானத்தின் இறக்கைக்குக் கீழேதான் படுக்கை. இறக்கை மேலே இருக்கிற விமானத்தில் இந்த ஒரு வசதி உண்டு.

இப்போது எங்கள் பட்டியலில் இரண்டே பேர்தான். ஒன்று செஸ்னா 206. வலது பக்கம் பின்னால் இரட்டைக் கதவு, இரண்டையும் திறந்தால் ஒரு மீட்டருக்கு மேல் வாய். 300 குதிரைத்திறன், அதிகபட்ச எடை 1,633 கிலோ. ஆனால் 206 என்று பேர் போட்டிருந்தால் போதாது. அறுபதுகளில் வந்த பி206 ரகத்துக்கு அந்தச் சரக்குக் கதவே கிடையாது, யூ206-க்குத்தான் உண்டு. நான் ஒரு விளம்பரத்தைப் படம் பார்க்காமல் நம்பி, மாமா மகனை நாலு மணி நேரம் கார் ஓட்ட வைத்து அனுப்பி, அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னொரு சங்கதி: இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற மடல் இறங்கியிருந்தால் இரட்டைக் கதவின் முன்பாதி சரியாகத் திறக்காது. சாமானுக்கு அது தொல்லை மட்டும்தான். பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் உயிர் விஷயம். பின்பாதிக் கதவை உள்ளிருந்து எப்படித் திறப்பது என்று ஏறுகிறவருக்குக் கையைப் பிடித்துக் காட்டாமல் கிளம்பக்கூடாது.

இன்னொன்று பைப்பர் செரோக்கி சிக்ஸ். 1965 முதல் 1979 வரை செய்தது. உள் அகலம் 1.24 மீட்டர். பின்பக்கக் கதவோடு ஒட்டிய சரக்குக் கதவையும் திறந்தால் சைக்கிளை நிற்க வைத்தே தள்ளலாம். எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவில் 45 கிலோ வைக்க ஒரு பெட்டி இருக்கிறது. எனக்கு அந்தப் பெட்டி மேல்தான் கண். தாத்தா பாஷையில் சொன்னால் பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே போய் மாட்டின் கழுத்துக் கயிறு இறுக்கும். விமானத்தில் பின்பாரம் ஆனால் மூக்கு மேலே போகும், வேகம் செத்து இறக்கை தூக்குவதை நிறுத்தினால் மூக்கைத் திரும்பக் கீழே கொண்டுவருவதே பாடாகிவிடும். வண்டிக்காரர் ஒரு மூட்டையை முன்னால் நகர்த்திச் சரிசெய்வதைத்தான் அந்தப் பெட்டி செய்கிறது.

வேறு யாராவது இப்படிச் சாமானோடு பறந்திருந்தால் எழுதுங்கள்.

ஒத்தக்கடைத் தம்பி எழுதியது:

அண்ணே, நான் சொந்தமாக வாங்குகிற ஆள் இல்லை, வடக்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் பறந்து மணிக்கணக்கு சேர்த்தவன். வெயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விடுமுறையில் வீட்டில் சும்மா இருந்தபோது நம்ம ஊர்க் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 140 மீட்டர். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி அடிக்கும்போது காற்று இளைத்துப்போய், விமானம் தான் 1,090 மீட்டர் உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. அதாவது அவனியாபுரத்தில் நின்றுகொண்டே பாதிக் கொடைக்கானல் மலை ஏறிவிட்ட மாதிரி. எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், இறக்கைக்குப் பிடி கிடைக்காது.

இங்கே ஓடுதளம் இரண்டேகால் கிலோமீட்டர் நீளம், அதனால் தரையை விட்டு எழும்புவது பிரச்சினை இல்லை. எழும்பின பிறகு ஏறுவதுதான் மெதுவாக இருக்கும். மேற்கே நாகமலை வேறு படுத்திருக்கிறது. உங்கள் டெக்சாஸும் கோடையில் இதே மாதிரிதானே. "கதவைச் சாத்த முடிந்தால் பறந்துவிடும்" என்று செரோக்கி சிக்ஸையும் 206-ஐயும் பற்றிச் சொல்வார்கள், நம்பாதீர்கள். குளிர்காலத்து விடியற்காலையில் ஏறிய சுமையை மே மாத மதியத்தில் அப்படியே ஏற்றக்கூடாது. பாதி டேங்க் போட்டு, வழியில் ஒரு இடத்தில் இறங்கி நிரப்பிக்கொள்வது நல்லது.

எங்கள் பள்ளியில் டயமண்ட் டிஏ40 என்ற குட்டி விமானம் ஓட்டினேன். டீசல் எஞ்சின் போட்டு, ஜெட் எரிபொருளில் ஓடும் ரகம். இந்தியாவில் அது பெரிய சௌகரியம், ஏனென்றால் 172, 206 மாதிரி பெட்ரோல் எஞ்சினுக்கான அவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் எல்லா இடத்திலும் கிடைக்காது. இந்தியன் ஆயில் நிறுவனமே 2022-இல்தான் உள்நாட்டில் தயாரித்து விற்க ஆரம்பித்தது, அதுவரை இறக்குமதிதான். ஆனால் சைக்கிளுக்கு டிஏ40 சரிப்படாது.

அழகர்கோவில் ரோடு அக்கா எழுதியது:

நானும் வீட்டுக்காரரும் ஆறு வருடம் ஃபுளோரிடாவில் இருந்தோம். அவருடைய நண்பர் செரோக்கி சிக்ஸ் வைத்திருந்தார். கடலடி நீச்சலுக்காக மாரத்தான் தீவுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். யாரும் சொல்லாத ஒன்று: போகும்போது போட்ட எடைக்கணக்கு வரும்போது செல்லாது. ரப்பர் உடுப்பு, பை, கயிறு எல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டு வரும். முதல் தடவை வீட்டுத் தராசைக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்ததில் நாலு பேர் சாமானுக்கு 17 கிலோ கூடியிருந்தது. அதற்கப்புறம் ஒரு இரவு காயப்போட்டு மறுநாள்தான் கிளம்புவோம். எப்படியும் அன்றே பறக்கவும் முடியாது. தொடர்ந்து முங்கினவர்கள் 18 மணி நேரமாவது தரையில் இருந்துவிட்டுத்தான் பறக்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மேலே போனதும் குமிழியாகிவிடும்.

காற்று சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காலி அலுமினிய சிலிண்டரே 14 கிலோ சொச்சம், ஒரு குலுக்கலில் உருண்டால் ஆள் மேல்தான் வந்து விழும். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். தம்பி, உங்கள் நண்பரின் பாராமோட்டார் டேங்கைக் காலி செய்து ஆவி போகக் காயவைத்துத்தான் உள்ளே ஏற்ற வேண்டும். மின்சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றிக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். சைக்கிளுக்கு அடியில் புதைந்து கிடக்கிற பேட்டரி புகைய ஆரம்பித்தால் எதுவும் செய்ய முடியாது.

அப்புறம் உப்புத் தண்ணீர். விமானத்துத் தரை விரிப்புக்குக் கீழே அது இறங்கினால் அலுமினியத்தை அரித்துவிடும். நாங்கள் ஒரு தார்ப்பாயை விளிம்பு மடித்துத் தொட்டி மாதிரி விரித்துத்தான் சாமான் வைப்போம். அது டவுன்ஹால் ரோட்டில் வாங்கி எடுத்துப்போன தார்ப்பாய்.

கீழவாசல்வாசி எழுதியது:

எல்லாம் சரி. மதுரையிலிருந்து பலகையைத் தூக்கிக்கொண்டு ராமேஸ்வரம் போக இந்த விமானம் உதவுமா? உச்சிப்புளியில் இருப்பது கடற்படைத் தளம், நமக்கு இல்லை. தூத்துக்குடியில் இறங்கினால் மணப்பாடு கடற்கரைக்கு மறுபடி கார் பிடிக்க வேண்டும். பறப்பதற்கு முன் வான்பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். அமெரிக்க உரிமத்தை வைத்து இங்கே பதிவான விமானத்தை நேரே ஓட்டவும் முடியாது. உலகப் போர் காலத்து ஓடுதளங்கள் செட்டிநாட்டிலும் கயத்தாறிலும் கிடக்கின்றன, அங்கே போய் இறங்குவீர்களா? காலையில் நாலு மணிக்குக் குட்டியானையில் ஏற்றினால் எட்டரைக்குத் தனுஷ்கோடி. உங்கள் அம்மா சொன்னதுதான் சரி.

திருநகர்க்காரன் எழுதியது:

கீழவாசல் அண்ணே, இங்கே ஓட்ட இல்லை, அங்கே ஓட்டத்தான். இந்தப் பக்கத்துக்கு குட்டியானையே போதும், ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா, அந்தத் தராசு யோசனையை மாமா மகனுக்கு அனுப்பிவிட்டேன். தம்பி சொன்ன மாதிரி மூன்று பேர், மூன்று சாமான், 38 டிகிரி என்று வைத்து மறுபடி கணக்குப் போட்டோம். இரண்டு விமானத்திலுமே முழு டேங்க் வைக்காமல் போவதுதான் நல்லது என்று முடிவு செய்தோம். செரோக்கி சிக்ஸ் ஒன்றைப் பார்க்க அடுத்த மாதம் மெக்கானிக்கோடு போகிறான். நான் கேட்டது ஒன்றுதான்: என் சைக்கிளையும் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு முன்பணம் கொடு.

மாடியில் வரைந்ததில் வால் பக்கத்தை எறும்பு தின்றுவிட்டது. மிச்சத்தில் அம்மா கூழ்வடாம் ஊற்றியிருக்கிறார். சரக்குக் கதவு இருந்த இடத்தில் மட்டும் நடந்து போக வழி விட்டிருக்கிறார்.