போர்டு போச்சு என்றார்கள், இன்னும் ஓடுகிறது: பழைய கணினி அனுபவங்களைப் பகிருங்கள்

கோவை 775

போன மாதம் நடந்தது. இன்னும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பாவின் கணினி, கோர் 2 டுவோ பிராசஸர், 945 சிப்செட் மதர்போர்டு, 2007இல் வாங்கியது. ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நிற்கும், மறுபடி சுற்றும், மறுபடி நிற்கும். காந்திபுரம் பக்கம் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பையன் கேபினெட் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "போர்டு போச்சு சார், இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் வராது, செகண்ட் ஹேண்ட் ஐ3 ஒண்ணு எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டான்.

அதே கட்டடத்தில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பெரியவர். டிவி போர்டு, யுபிஎஸ் போர்டு பார்ப்பவர். மூடியைக் கழற்றினார். பிராசஸரை ஒட்டி வரிசையாக நிற்கும் கெபாசிட்டர்களின், அதாவது மின்சாரத்தைத் தேக்கிச் சீராகக் கொடுக்கும் சின்ன உருளைகளின், தலையை விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க கை வைங்க தம்பி" என்று என் விரலைப் பிடித்து வைத்தார். தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தது. பக்கத்தில் இருந்ததில் மேலே உள்ள சிலுவைக் கோடு பிளந்து, பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்து போயிருந்தது. ஐந்து கெபாசிட்டரை மாற்றினார். சாயங்காலம் அப்பா தன் கணக்கைத் திறந்துவிட்டார்.

கெபாசிட்டர் போனதில் வருத்தமில்லை, அது போகும். ஒரு மனிதர் இத்தனை வருஷமாகக் கணக்கு எழுதுகிற பெட்டியை, நாலு ஸ்க்ரூ கழற்றிப் பார்க்காமலேயே செத்துப்போச்சு என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

சால்டர் ராடு

அந்தப் பெரியவருக்கு என் வணக்கம். எனக்கும் இதே கதைதான், போர்டுதான் வேறு, அதனால் என் கதையை விட்டுவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது தாங்களே மாற்றப் புறப்பட்டால் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

1999 வாக்கில் தொடங்கி 2007 வரைக்கும் வந்த போர்டுகளில் இது ஒரு தொற்றுநோய் மாதிரி பரவியது. கெபாசிட்டருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவக் கலவையே கோளாறு. வாயு உண்டாகித் தலை உப்பும், பிராசஸருக்குப் போகிற வோல்டேஜ் தள்ளாடும், அதனால்தான் ஃபேன் சுற்றிச் சுற்றி நிற்கிறது. மாற்றும்போது மேலே எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 105 டிகிரி சூடு தாங்குவது, லோ ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைவானது) என்று கேட்டு வாங்குங்கள். ரேடியோவுக்குப் போடுகிற சாதாரண 85 டிகிரி சரக்கைப் போட்டால் சில மாதத்தில் மறுபடி உப்பும். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் கேட்டால் சாலிட் பாலிமர் வகையே கிடைக்கும், அது இன்னும் நல்லது.

கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். கெபாசிட்டர் உட்காரும் வட்டத்தில், சில போர்டில் நிழலடித்த பக்கம் மைனஸ், சில போர்டில் அதுவே ப்ளஸ். அந்த நிழலை மட்டும் நம்பித் தலைகீழாக மாட்டினால் வெடிக்கும். மைனஸ் கால் சீக்கிரம் உருகாது, ஏனென்றால் அது போர்டு முழுக்க ஓடுகிற செம்புத் தகட்டோடு சேர்ந்திருக்கிறது, சூட்டை எல்லாம் அது இழுத்துக்கொள்ளும். 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு இழுத்தால் துளையின் உள்பூச்சே பெயர்ந்து வந்துவிடும். 60 வாட் எடுங்கள், பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் வையுங்கள், இரண்டும் கலந்து உருகும்போது தானாக வரும்.

சிவகாசி அச்சகம்

நான் சொல்வது போன வருஷம் ஆடி மாசம் நடந்தது. ஆடி 18க்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவோம் என்பது எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் எங்கள் பென்டியம் 4 படுத்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, தமிழ் டைப்பிங் மென்பொருள். அந்த மென்பொருளுக்குப் பூட்டு ஒன்று உண்டு, பின்னால் பிரின்டர் போர்ட்டில் சொருகியிருக்கும் டாங்கிள். காலையில் ஆன் செய்தால் செக்சம் எரர், எஃப்1 அழுத்து என்றது. அழுத்தினோம், விண்டோஸ் வந்தது, ஆனால் டாங்கிள் இல்லை என்றது. விற்றவர் கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. வந்து பார்த்தவர் டாங்கிள் எரிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிக் கூலியும் வாங்கிக்கொண்டார்.

என் மகள்தான் யோசித்தாள். போர்டில் உள்ள காசு பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துவிட்டால் பயாஸில், அதாவது கணினி துவங்கும்போதே ஓடும் அடிப்படை அமைப்பில், நாம் வைத்தது எல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடும் அல்லவா? டாங்கிளும் அதனால்தான் தெரியவில்லையோ என்று பயாஸுக்குள் போனாள். பேரலல் போர்ட், அந்தப் பிரின்டர் போர்ட்தான், அதன் மோடு மாறிக் கிடந்தது. புது பேட்டரி போட்டு, மோடை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். ஈபிபி என்ற மோடை வைத்தபோது மென்பொருள் திறந்தது. அதுவரை எதை அடித்தாலும் ஆங்கிலம்தான் விழுந்துகொண்டிருந்தது, இப்போது திரையில் 'ஆவணி' என்று விழுந்தது. கட்டிங் மெஷின் ஓட்டுகிற அண்ணன் ஓடிவந்து பார்த்தார்.

கடைகளில் ஐம்பது ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கிற பேட்டரி அது. எரிந்துவிட்டது என்று சொன்னவரை நம்பியிருந்தால் அந்த வருஷ வேலை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

யூனிகோட் எழிலன்

அண்ணாச்சி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகளுக்குப் பாராட்டு. ஆனால் 2010லேயே தமிழக அரசு, எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோட் முறையைத் தரமாக அறிவித்துவிட்டது. இன்னும் பழைய எழுத்துருவிலும் டாங்கிளிலும் தொங்கிக்கொண்டிருப்பது ஆபத்து. இந்த வருஷம் பேட்டரி, அடுத்த வருஷம் ஹார்ட் டிஸ்க். உங்கள் கோப்புகளை எல்லாம் மாற்றிக்கொண்டு புது இயந்திரத்துக்கு வந்துவிடுங்கள். மாற்றிகள் இலவசமாகவே இருக்கின்றன. அதுவரைக்கும் ஒரு யுஎஸ்பி டு பேரலல் கேபிள் வாங்கி டாங்கிளைப் புது கணினியில் சொருகிக்கொள்ளலாமே.

சிவகாசி அச்சகம்

தம்பி, எழுத்தை மாற்றலாம், பக்கத்தை மாற்ற முடியாது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. அதற்கு அடுத்து வந்த இன்டிசைனிலும் தமிழ் ஒழுங்காக உட்காரத் தொடங்கியது சிஎஸ்6 பதிப்பிலிருந்துதான். அங்கே கொண்டுபோனால் எழுத்தின் அகலம் மாறும், ராகுகாலக் கட்டத்துக்குள் உட்கார்ந்த வரி அடுத்த வரிக்கு ஓடும். தினசரி காலண்டர் என்றால் 365 தாள், ஒவ்வொன்றிலும் நாள், நட்சத்திரம், திதி. அவ்வளவையும் யார் மறுபடி பார்த்துச் சரி செய்வது? புது வேலையை எல்லாம் நாங்களும் யூனிகோடில்தான் செய்கிறோம். பழைய வாடிக்கையாளர் வந்து "போன தடவை மாதிரியே" என்று கேட்கும்போது அந்தப் பெட்டி வேண்டும்.

சால்டர் ராடு

எழிலன், அந்த யுஎஸ்பி கேபிளை வாங்கச் சொல்லாதீர்கள், காசு வீண். அது பிரின்டருக்கு மட்டும் வேலை செய்யும். டாங்கிள் மென்பொருள் 378 என்ற முகவரியில் நேராகப் போர்ட்டைத் தட்டிப் பார்க்கும், யுஎஸ்பி கேபிளுக்கு அந்த முகவரியே கிடையாது. போர்டில் சொருகும் பிசிஐ பேரலல் கார்டுக்கும் முகவரி வேறாக வரும். சில மென்பொருள் ஏற்றுக்கொள்ளும், சிலது ஏற்காது. எழிலன் சொன்ன ஹார்ட் டிஸ்க் பயம் மட்டும் நியாயம். அண்ணாச்சி, அந்தப் பழைய ஐடிஇ வகை டிஸ்க்கை இன்றைக்கே முழுசாக இமேஜ், அதாவது டிஸ்க்கின் அச்சு அசலான நகல், எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். கோப்புகளை மட்டும் நகல் எடுத்தால் போதாது.

முடிச்சூர் வாசி

2015 டிசம்பர், சென்னை வெள்ளம். முடிச்சூரில் எங்கள் தெருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்தபோது கணினி மேஜையோடு சாய்ந்து கிடந்தது. பவர் சப்ளை ஃபேனின் இறக்கைகளுக்கு நடுவில் சேறு கெட்டியாக அடைத்திருந்தது. கரண்ட் வந்த அன்று என் கணவர் ஓடுகிறதா பார்க்கலாம் என்று பிளக்கை எடுத்தார். மாடி வீட்டு அங்கிள், முன்பு டிவி மெக்கானிக்காக இருந்தவர், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அப்படி ஒரு சத்தம் போட்டார், "ஸ்விட்ச் போடாதீங்க!" என்று. கீழே இறங்கி வந்து அந்தக் காசு பேட்டரியைத்தான் முதலில் பிடுங்கினார். கரண்ட் இல்லாவிட்டாலும் அது ஈரத்தில் செம்பை அரித்துக்கொண்டே இருக்குமாம்.

அப்புறம் அவர் செய்ததை நான் வாழ்க்கையில் மறக்க மாட்டேன். குழாயில் சேற்றுத் தண்ணீர்தான் வந்தது என்பதால், குடிப்பதற்கு வைத்திருந்த கேன் தண்ணீரை மதர்போர்டின் மேல் ஊற்றிப் பெயின்ட் பிரஷால் தேய்த்துக் கழுவினார். கணினியைத் தண்ணீர்தான் கெடுத்தது, இவர் மேலும் தண்ணீரை ஊற்றுகிறாரே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, மொட்டை மாடிக் கொடியில், என் புடவைகளுக்கு நடுவில், நிழல் விழும் பக்கமாகப் போர்டைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். நன்றாகக் காய்ந்த பிறகு புது பவர் சப்ளையோடு ஆன் செய்தோம். ஓடியது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அவர் தொடவே விடவில்லை. அதில் காற்றுக்காகச் சின்னத் துளை ஒன்று இருக்கிறது, அது வழியாகத் தண்ணீர் போயிருந்தால் சுற்றவிட்டதும் உள்ளே தட்டு கீறிப்போகும் என்றார். தனியாக ரெக்கவரிக்குக் கொடுத்தோம், படங்கள் பெரும்பாலும் வந்துவிட்டன.

எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் ஆன் செய்து பார்த்தே கொன்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவர் சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கக் கூடாதா?

சால்டர் ராடு

அக்கா, பவர் சப்ளையைக் கழுவாமல் புதிதாகப் போட்டது ரொம்பச் சரி. வேறு யாரும் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

யாழ் வலிகாமம்

நான் 2022இல் இலங்கையில் இருந்த பொருளாதார நெருக்கடிக் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதத்துக்குள் 360க்குப் போய்விட்டது. கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை கேட்டால் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அந்த நேரம் பார்த்து எனது மடிக்கணினியின் சார்ஜ் பின் உடைந்துவிட்டது. தங்கச்சிக்கு ஒன்லைன் வகுப்பு.

நகரில் திருத்துகிற அண்ணை ஒருவரிடம் கொண்டு போனேன். கறண்ட் இல்லை. கடைக்குள் கார் பேட்டரி ஒன்று, அதில் இருந்து 12 வோல்ட் ஈயப்பற்றுக்கோல் (சால்டரிங் அயர்ன்). பழைய பால்மா டின் ஒன்றைக் கவிழ்த்தார், செத்த மடிக்கணினிகளில் இருந்து கழற்றிய பின்கள் மேசை முழுக்கக் கொட்டுண்டன. ஒவ்வொன்றாக எனது உடைந்த பின்னுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுத்தார். நான் கைபேசி வெளிச்சம் பிடித்தேன். "பேட்டரி இறங்கமுன்னம் முடிப்பம் தம்பி" என்றார். கோல் ஆறிக்கொண்டு வருகுது, அவர் கை நடுங்கவேயில்லை. புதிதாக வாங்க எட்டாத ஒரு நேரத்தில், பிறர் எறிந்ததைச் சேர்த்து வைத்த ஒருவரால்தான் தங்கச்சி பரீட்சை எழுதினாள். அந்த மடிக்கணினி இன்னும் வீட்டில் ஓடுகிறது.

நடைமுறைவாதி

எல்லாருடைய உணர்வையும் மதிக்கிறேன். ஆனால் ஒன்றை யாரும் பேசவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். கோவை நண்பரின் கோர் 2 டுவோவில் சுற்றுவழியில் போட்டாலும் அதன் 24எச்2 பதிப்பு துவங்கவே துவங்காது, அதற்குத் தேவையான பாப்கவுன்ட் என்ற கட்டளை அந்த பிராசஸரில் கிடையாது. மின்சாரமும் பாருங்கள். அப்பாவின் வங்கிக் கணக்கை இதில் திறப்பது பாதுகாப்பா?

கோவை 775

நியாயமான கேள்வி. அதனால்தான் அந்தப் பெரியவரிடம் இருந்து வந்த வாரமே 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, ரேமை 4 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். கோர் 2 டுவோ 64 பிட், தடையில்லாமல் ஏறியது. போர்டில் டிஸ்க்குக்குப் பழைய சாட்டா 2 வேகம்தான், அதற்கே அப்பா "இவ்வளவு நாள் இது எங்க இருந்துச்சு" என்று கேட்டார். பாதுகாப்பு அப்டேட் வாராவாரம் வருகிறது. மின்சாரத்தைப் பற்றி: அதற்கு முந்தைய பென்டியம் டி பிராசஸர் என்றால் 95 முதல் 130 வாட், நீங்கள் சொல்வது சரி. அப்பாவுடையது 65 வாட், அதுவும் முழு வேலை கொடுத்தால்தான். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கணக்கு எழுத அது போதும். வங்கி வேலையை அவர் கிளைக்கு நேரில் போய்த்தான் பார்க்கிறார்.

சிவகாசி அண்ணாச்சி, என்னிடம் பென்டியம் 4க்கான 845 போர்டு ஒன்று சும்மா கிடக்கிறது, பேரலல் போர்ட்டோடு. கெபாசிட்டர் எல்லாம் தலை தட்டையாக இருக்கிறது, தடவிப் பார்த்துவிட்டேன். உங்கள் பிராசஸர் சாக்கெட் 478தானே? ஆமாம் என்றால் பார்சல் சர்வீஸில் போட்டுவிடுகிறேன்.

சிவகாசி அச்சகம்

478தான் தம்பி. அனுப்புங்கள். கூடவே 40 ஜிபி ஐடிஇ டிஸ்க் ஏதாவது கிடந்தால் அதையும் போடுங்கள், இமேஜை அதில் ஏற்றிச் சொருகிப் பார்த்துவிடுகிறோம். பார்சல் செலவு என்னுடையது.