கல்யாண கேக்கில் தெர்மாகோல்: கத்தி எதில் இறங்க வேண்டும்?

ராயபுரத்தான்:
"கல்யாண கேக் செலவைக் குறைக்க வேண்டுமானால் கீழ் அடுக்குகளைத் தெர்மாகோலில் வைத்து மேலே ஐசிங் என்ற சர்க்கரைப் பூச்சைப் பூசிவிடுங்கள், யாருக்கும் தெரியாது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. சபையார் முன்னிலையில் உண்மையாக இருப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்த மணமக்கள், மண்டபத்து மேடையில் ஏறியதும் முதல் வேலையாகத் தெர்மாகோலில் கத்தியை வைப்பதா? கையில் பணம் இல்லையென்றால் ஒரு கிலோ கேக்கை வெட்டுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. கத்தி இறங்கும் இடத்தில் கேக் இருக்க வேண்டும்.

பெரம்பூர்க்காரி:
அதை எழுதியவள் நான்தான், அண்ணா. என்னிடமே நேராகக் கேட்டிருக்கலாம். கத்தி தெர்மாகோலில் இறங்குகிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? அடுக்கின் பின்பக்கத்தில் ஓர் ஆப்பு அளவுக்கு வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிஜமான கேக்கைப் பொருத்தி, ஐசிங் பூசி, இடம் தெரிவதற்காக அதன்மேல் ஒரு சர்க்கரை ரோஜாவை வைத்துக் கொடுப்பார்கள். மணமக்கள் வெட்டுவதும் ஒருவருக்கொருவர் ஊட்டுவதும் அந்தக் கேக்கைத்தான். விருந்தினருக்கு உள்ளே ஸ்லாப் கேக்கை, அதாவது அடுக்கில்லாமல் தட்டையாகச் சுட்ட கேக்கை, துண்டு போட்டுப் பொட்டலம் கட்டுகிறார்கள். தலைக்கு 50 கிராம் என்று வைத்தாலும் 300 பேருக்கு 15 கிலோ வேண்டும். அந்த 15 கிலோவையும் தூண் நிறுத்தி, அடுக்கி, ராயல் ஐசிங் என்ற கெட்டியான வெள்ளைச் சர்க்கரைப் பூச்சைப் பூசி வாங்குவதற்கும், மேல்பூச்சு இல்லாத பிளம் கேக்காக வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை, பெண்ணைப் பெற்று மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ராயபுரத்தான்:
ரோஜாவுக்குக் கீழே மட்டும் கேக் என்றால், கத்தி இரண்டு விரற்கடை தள்ளி இறங்கினால் என்ன செய்வீர்கள்? எங்கள் பகுதியில் நடந்த ஒரு வரவேற்பில் மாப்பிள்ளை பதற்றத்தில் முன்பக்கமாக அழுத்திவிட்டார். கிரீச்சென்ற சத்தம் மைக்கில் கேட்டது. கத்தியை இழுத்தபோது ஐசிங்கோடு வெள்ளை மணிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. பெண்ணின் தாயார் தலை நிமிரவே இல்லை. அந்த அம்மாவுக்கு மிச்சமான பணத்தால் என்ன பயன்?

தண்டையார்பேட்டை தம்பி:
அண்ணே, இந்த கேக் வழக்கமே வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்தது. 1940இல் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீட்டின்போது கேக்கின்மேல் ஐசிங் பூசுவதற்கே பிரிட்டனில் தடை வந்தது. அப்போது அட்டையிலும் சாந்திலும் செய்த பொய்யான கல்யாண கேக் கூடுகளை வாடகைக்கு எடுத்து மேசையில் வைத்தார்கள். அவர்கள் செய்தபோது கௌரவம், நாம் செய்தால் பொய்யா?

ராயபுரத்தான்:
தம்பி, பாதி தெரிந்துகொண்டு வாதாட வரக்கூடாது. அந்த அட்டைக் கூட்டைத் தூக்கினால் உள்ளே சிறிய கேக் ஒன்று இருந்தது. அதைத்தான் வெட்டினார்கள். கூடு அட்டை என்பது வந்தவர் அனைவருக்கும் தெரியும். இங்கே "யாருக்கும் தெரியாது" என்று சொல்லி அல்லவா விற்கிறார்கள்! கத்தி எதில் இறங்கியது என்பதுதான் என் கேள்வி, அதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பெரம்பூர்க்காரி:
கேக்கில்தான் இறங்கியது என்று முன்பே சொல்லிவிட்டேன். நீங்கள் படிப்பதில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் ரம்மில் பழம் ஊறவைப்பது பற்றிய பேச்சிலும் இப்படித்தான், நான் எழுதியதைப் படிக்காமலேயே பதில் எழுதினீர்கள்.

வியாசர்பாடி அண்ணன்:
இருவருமே அடுக்கு கேக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2011இல் இளவரசர் வில்லியம் திருமணத்தில் பெரிய பழக்கேக் ஒரு பக்கம் இருக்க, மாப்பிள்ளை விருப்பத்துக்காக வைத்தது டீ பிஸ்கட்டையும் சாக்லேட்டையும் சேர்த்து இறுக்கிய, அடுப்பிலேயே வைக்காத கேக். அதை நம் வீட்டுப் பெண்களே முந்தைய நாள் செய்து குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். அதுவும் வேண்டாமென்றால் கல்கல், அச்சு முறுக்கு, லட்டு ஆகியவற்றைத் தட்டுத் தட்டாக அடுக்கி, உச்சியில் அரைக் கிலோ பிளம் கேக் ஒன்றை வைத்து வெட்டட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மே மாதத்தில் கிரீம் கேக் பக்கமே போகாதீர்கள். கேக்கின்மேல் போர்த்தும் ஃபாண்டன்ட் என்ற சர்க்கரைத் தகடு குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் நம் சென்னைக் கடற்காற்றில் வியர்த்துப் பிசுபிசுக்கும், வெண்ணெய் கிரீம் விருந்தினர் வருவதற்குள் சரிந்துவிடும்.

ராயபுரத்தான்:
லட்டுக்கோபுரத்தில் கத்தியை எங்கே வைப்பது என்றாவது யோசித்தீர்களா? உச்சியில் கேக் இருந்தால் எனக்குச் சம்மதம், ஏனென்றால் கத்தி இறங்குமிடத்தில் கேக் இருக்கிறது. ஆனால் பிளம் கேக் என்றால் ராயபுரத்து வீடுகளில் செய்வதுபோல முந்திரி மார்சிபானோடு, அதாவது முந்திரியைச் சர்க்கரையோடு அரைத்த பூச்சோடு, இருக்க வேண்டும். பெரம்பூரில் இப்போது விற்பதை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெரம்பூர்க்காரி:
ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பழம் ஊறவைத்த ஊரைப் பார்த்தா இப்படிச் சொல்கிறீர்கள்? அவர்கள் வீட்டு அடுப்படியில் நின்று கற்றவள் நான். ராயபுரத்துக்கு 1856இல் ரயில் வந்ததென்ற பெருமையை வேறு எங்காவது பேசுங்கள், கேக்கில் வேண்டாம்.

தண்டையார்பேட்டை தம்பி:
எங்கள் சபையில் ரம்மே கூடாது. திராட்சைச் சாற்றிலும் ஆரஞ்சுச் சாற்றிலும்தான் பழத்தை ஊறவைப்போம், செலவும் குறைகிறது.

பெரம்பூர்க்காரி:
தம்பி, ரம் ஊறிய கேக் மாதக்கணக்கில் கெடாது, அதனால் நிதானமாக முன்கூட்டியே சுட்டு வைக்கலாம். சாற்றில் ஊறியதைக் கல்யாணத்துக்கு நெருக்கத்தில்தான் சுட வேண்டும், அந்த நேரத்தில் ஆள் வைத்தால் கூலி ஏறிவிடும். மிச்சம் எங்கே?

தண்டையார்பேட்டை தம்பி:
அக்கா, கொள்கையைக் கூலிக் கணக்கில் அளக்காதீர்கள்.

ராயபுரத்தான்:
ரம்மா சாறா என்பதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். ஆப்பு அளவு கேக்கைச் செருகிவிட்டு முழுக் கேக் என்று மேடையில் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். என் மகள் கல்யாணத்தில் ஒரே அடுக்குதான் வைப்பேன், மணமக்கள் எந்தப் பக்கம் கத்தியை வைத்தாலும் கேக்தான் வரும்.

பெரம்பூர்க்காரி:
உங்கள் மகளுக்கு நீங்கள் ஒரே அடுக்கு வையுங்கள், அண்ணா. என் மகள் மூன்றடுக்கு கேட்கிறாள், அவளுக்கு நான் ரோஜா வைத்துத்தான் கொடுப்பேன்.