130 மி.மீ. நியூட்டோனியனுக்கு சூரிய ஃபில்டர்: எதை வாங்குவது?

மொட்டைமாடி_கோவை:
வணக்கம். பழைய 130 மி.மீ. நியூட்டோனியன் (லென்ஸுக்குப் பதில் குழிக்கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் டெலஸ்கோப்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 2019 டிசம்பர் 26 அன்று கங்கண கிரகணம் எங்கள் ஊர் வழியாகப் போனபோது காகிதக் கண்ணாடியில் பார்த்ததோடு சரி. 2027 ஆகஸ்ட் 2 மாலை பகுதி கிரகணம் வருகிறது. அதற்குள் பழகிக்கொண்டு தெருப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. டெலஸ்கோப் பெட்டியில் 'சன்' என்று எழுதிய கறுப்பு வில்லை ஒன்று கிடக்கிறது, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸின் அடியில் திருகுவது. அது போதுமா?

கரும்புள்ளி:
அதை இன்றே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் வேறு யாராவது எடுத்துத் திருகிப் பார்ப்பார்கள். வெயிலில் நம் கண்மணி 2, 3 மி.மீ.தான் திறந்திருக்கும். உங்கள் 130 மி.மீ. கண்ணாடி அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை அள்ளிக் குவிக்கிறது. குவிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த வில்லை உட்கார்ந்திருக்கிறது. சூடேறினால் விரிசல் விடும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் சுட்ட பிறகும் உடனே தெரியாது.

பழைய_தச்சன்:
கொஞ்சம் நிதானம், தம்பி. 60 மி.மீ. டெலஸ்கோப்பில் அதே மாதிரி வில்லை போட்டுப் பத்து வருஷம் பார்த்திருக்கிறேன். இன்றும் ஊசியில் நூல் கோக்கிறேன்.

கரும்புள்ளி:
உங்களுக்கு அதிர்ஷ்டம், அண்ணே. என் நண்பருக்கும் பாதி அதிர்ஷ்டம் இருந்தது. அவருடையது 70 மி.மீ. என்னைக் கூப்பிட முகத்தைத் திருப்பிய நேரத்தில் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். வில்லையின் குறுக்கே மயிரிழை போல விரிசல். அதன் வழியாக வந்த வெளிச்சக் கோடு அவர் சட்டைக் காலரில் விழுந்து கிடந்தது. ஒரு நொடி முன்னால் அந்த இடத்தில் கண் இருந்தது.

ஃபில்டர் டெலஸ்கோப்பின் வாய்க்கு முன்னால்தான் இருக்க வேண்டும். வெளிச்சம் உள்ளே நுழையும் முன்பே வடிகட்டிவிட வேண்டும். நியூட்டோனியனுக்கு என் தேர்வு பாடர் கம்பெனியின் அஸ்ட்ரோசோலார் ஃபிலிம், ஓ.டி. 5 (ஓ.டி. என்பது எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கும் என்ற அளவு). லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும். அதே பெயரில் ஓ.டி. 3.8 என்று ஒன்று விற்கிறார்கள். அது கேமராவுக்கு, சுமார் 16 மடங்கு கூடுதல் வெளிச்சம் விடும். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றால் நம்பாதீர்கள்.

இயற்பியல்_வாத்தியார்:
பிள்ளைகளுக்கு என்றால் ஃபிலிமே வேண்டாம் என்பேன். ஐபீஸுக்குப் பின்னால் வெள்ளை அட்டையைப் பிடித்துச் சூரியனை அதில் விழவையுங்கள். முப்பது பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம், சூரியனின் கரும்புள்ளியை விரலால் தொட்டுக் காட்டலாம். ஐபீஸில் என்றால் ஒருவன் பார்க்க இருபத்தொன்பது பேர் வரிசையில் நிற்பார்கள். அவன் "தெரியுது சார்" என்பான். எது தெரிந்தது என்று நமக்குத் தெரியாது.

கரும்புள்ளி:
லென்ஸ் வைத்த சின்ன டெலஸ்கோப் என்றால் ஒப்புக்கொள்கிறேன், சார். நியூட்டோனியனில் அவ்வளவு சூடும் குழாய்க்குள் போய்த் திரும்புகிறது. சூரியன் கொஞ்சம் விலகினாலும் குவிந்த ஒளி, ஐபீஸைத் தாங்கும் பிளாஸ்டிக் ஃபோகஸரில் விழுந்து உருக்கிவிடும். ஐபீஸில் லென்ஸ்களை ஒட்டிய பசையும் கெடும். அதைவிடப் பெரிய பயம், அட்டையைப் பார்க்கச் சொன்னால் ஐபீஸுக்குள் எட்டிப் பார்க்கும் ஒரு பையன் எல்லாத் தெருவிலும் இருப்பான்.

இயற்பியல்_வாத்தியார்:
அந்தப் பையனுக்காகத்தான் ஐபீஸையும் அட்டையையும் சேர்த்துப் பெட்டிக்குள் அடைத்து, பக்கத்தில் ஒரு ஜன்னல் மட்டும் வெட்டுகிறோம். தலை நுழைய இடமிருக்காது. உங்கள் ஃபிலிமை ஒரு காற்று அடித்துக்கொண்டு போனால்? கண் ஐபீஸில் இருக்கும்போதே?

நீலகிரி_லென்ஸ்:
இரண்டு பேரும் மலிவுக்குள்ளேயே சண்டை போடுகிறீர்கள். ஹெர்ஷல் வெட்ஜில் (ஐபீஸுக்கு முன்னால் மாட்டி, பெரும்பகுதி வெளிச்சத்தை வெளியே திருப்பிவிடும் பட்டகம்) ஒரு தடவை பார்த்தவர் ஃபிலிம் பக்கம் திரும்ப மாட்டார்.

கரும்புள்ளி:
அது லென்ஸ் டெலஸ்கோப்புக்கு மட்டும். நியூட்டோனியனில் போடவே கூடாது. கேட்டவரிடம் இருப்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

காற்றுப் பற்றி வாத்தியார் கேட்டது நியாயம். சும்மா மாட்டி வைப்பது ஃபில்டர் ஆகாது. ஃபிலிமை ஒட்டிய வளையம் குழாயின் மேல் நான்கு விரல் ஆழமாவது இறங்கி உட்கார வேண்டும். அதன்மேல் மூன்று இடத்தில் டேப். ஒவ்வொரு தடவையும் மாட்டும் முன் ஃபிலிமைப் பிரகாசமான விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசித்துளை இருந்தால் மின்மினி மாதிரி தெரியும். ஒன்றிரண்டு இருந்தால் கறுப்பு மை வைத்து அடைக்கலாம். கீறலோ கிழிசலோ என்றால் தூக்கிப் போடுங்கள். சுருக்கம் இருந்தால் கவலை வேண்டாம், இழுத்து விறைப்பாக்கினால்தான் படம் கெடும்.

மொட்டைமாடி_கோவை:
கண்ணாடி ஃபில்டர்? கிழியாதே.

கரும்புள்ளி:
கிழியாது, ஆனால் கீழே விழுந்தால் உடையும். மலிவானதில் இரண்டு முகமும் சரிசமமாக இருக்காது, படம் மங்கும். சூரியனை ஆரஞ்சாகக் காட்டுவதால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பழைய_தச்சன்:
சரி, நான் ஒன்று கேட்கிறேன். நியூட்டோனியன் மூடியில் சின்ன மூடி ஒன்று தனியாகக் கழலுமே, 40, 50 மி.மீ. ஓட்டை. அதை மட்டும் ஃபிலிமால் மூடினால் போதாதா? துண்டுக் காசில் முடிந்துவிடும். பெரிய மூடி ஏற்கெனவே இறுக்கமாக உட்கார்கிறது, காற்றுக்கும் பயமில்லை.

நீலகிரி_லென்ஸ்:
130 மி.மீ. வாங்கிவிட்டு 50-ல் பார்ப்பதா? 130-ல் 0.9 விகலை (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஒரு விகலை) நுணுக்கம் வரை தெரியும், 50-ல் 2.3 வரைதான். கரும்புள்ளியின் கறுத்த நடுவைச் சுற்றியுள்ள மங்கலான வளையமான அரைநிழலின் இழைகளெல்லாம் போய்விடும். 1909-இல் கொடைக்கானலில் வானியலாளர் எவர்ஷெட், வாயு வெளிப்பக்கம் பாய்வதைக் கண்டது அந்த அரைநிழலில்தான்.

கரும்புள்ளி:
கணக்கு சரி, இடம் தப்பு. அவர் பார்ப்பது கொடைக்கானல் மலையில் இல்லை, கோவையில் கான்கிரீட் மாடியில். பத்து மணிக்கு மேல் தளத்திலிருந்து எழும் சூட்டில் சூரியனின் விளிம்பு கொதிக்கிற பால் மாதிரி நெளியும். அப்போது 2, 3 விகலைக்குக் கீழே எந்தக் கருவியிலும் தெரியாது. காலை எட்டு மணிக்குள் பார்க்க முடிந்தால் முழு வாய்க்கு ஃபிலிம் போடுங்கள், வித்தியாசம் தெரியும். பிள்ளைகள் எழுந்து வருவது பத்து மணிக்கு என்றால் தச்சன் அண்ணன் சொன்ன சின்ன ஓட்டையே போதும். நான் நினைக்காததை அவர் சொல்லிவிட்டார்.

பழைய_தச்சன்:
ஒரு வழியாக. வில்லை விஷயத்தில் மட்டும் இன்னும் ஒப்பவில்லை. ஆனாலும் என்னுடையதை உடைத்துவிட்டேன், பேத்தி அலமாரியைக் குடைய ஆரம்பித்துவிட்டாள்.

மொட்டைமாடி_கோவை:
முதலில் சின்ன ஓட்டைக்கு ஓ.டி. 5 போடுகிறேன். பக்கத்தில் மாட்டியிருக்கும், குறி பார்க்க உதவும் சின்ன டெலஸ்கோப்பான ஃபைண்டருக்கும் ஃபிலிம் வேண்டுமா? அது இல்லாமல் சூரியனை எப்படிப் பிடிப்பது?

இயற்பியல்_வாத்தியார்:
அதைக் கேட்டீர்களே, நல்லது. ஃபைண்டரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். மூடி போட்டால் பிள்ளைகள் கழற்றுவார்கள். குழாயின் நிழல் தரையில் விழுமல்லவா, அது சுருங்கிச் சுருங்கிச் சின்ன வட்டமாகும் வரை திருப்புங்கள். குறைவாகப் பெரிதாக்கும் ஐபீஸைப் போட்டால் சூரியன் தானாக உள்ளே வந்து நிற்கும்.